பின்சீட்டு

களியக்காவிளைச் சந்திப்பில் வண்டிகள் நகராமல் நின்றபோதுதான் ரசலையன் அந்த முனகலை முதலில் கேட்டார். திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் முதல் தடவை கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மனைவி ரத்தினம் பின்சீட்டில் இரண்டு தலையணைகளுக்கு நடுவே காலை மடக்கிப் படுத்திருந்தாள். ஓட்டத்தில் கேட்காத சத்தம், வண்டி நின்றபிறகு கேட்டது. வாயைத் திறக்காமல் மூக்கு வழியாக வந்தது. அடுப்பில் பால் பொங்குவதற்கு முன் எழுமே ஒரு முணுமுணுப்பு, அந்த மாதிரி.

அவர் எஞ்சினை அணைத்தார். முனகல் நின்றது. முன்னால் நின்ற லாரி ஒரு முழம் நகர்ந்ததும் சாவியைத் திருப்பினார். எஞ்சின் உதறிக்கொண்டு எழுந்தது. கியர்க்கம்பி குளிர்காய்ச்சல் கண்டவன் கைபோல ஆடியது. முனகலும் திரும்பி வந்தது.

“என்னா ரத்தினம், வலிக்கா?”

“ஒண்ணுமில்ல. நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க.”

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டாலும் அவள் சொல்லப்போவதில்லை. ஆனால் மார்த்தாண்டம் வந்து சேரும்வரை அவருக்கு வேறு நினைவில்லை. இந்த நோயைப் பற்றி இத்தனை மாதங்களாக அவர் கேட்டதெல்லாம் டாக்டர்களின் பாஷையில் இருந்தது. தலையாட்டுவதைத் தவிர அவரால் எதுவும் செய்ய முடிந்ததில்லை. இந்த உதறல் மட்டும் அவருடைய பாஷையில் இருந்தது. மஸ்கட்டில் பத்தொன்பது வருஷம் ஜெனரேட்டர் மெக்கானிக்காக இருந்த மனிதர் அவர்.

மார்பில் தொடங்கி, அறுத்து, ஆறிப்போனதென்று எல்லோரும் நம்பியிருந்த நோய், சில வருஷம் பதுங்கியிருந்துவிட்டு முதுகெலும்பில் வந்து இறங்கியிருந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு மலையாளமும் தமிழும் கலந்து சொன்னார். இந்த எலும்பு சிதல் தின்ற பலகைபோல ஆகிவிட்டது. வாரத்துக்கு ஒருமுறையாக ஐந்து தடவை கரண்டு வைத்தால் கொஞ்சம் உறுதிப்படும். அதுவரை குலுக்கம் ஆகாது. நொறுங்கினால் காலுக்குப் போகிற நரம்பு நசுங்கிவிடும், பிறகு எழுந்து நடக்க முடியாது.

ரத்தினம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“சாவு வரைக்கும் எனக்க காலில நடந்து கக்கூசுக்குப் போவேனா டாக்டரே? அது போரும். வேற ஒண்ணும் வேண்டாம்.”

கவனமாக இருந்தால் போகலாம் என்றார் டாக்டர். அந்தக் ‘கவனம்’ என்ற வார்த்தை ரசலையனுக்கு நேராக விழுந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கலாமென்று சொல்லிப்பார்த்தார். சொந்தக் கட்டிலில் படுக்காவிட்டால் கண்ணடையாது என்றாள். ஆம்புலன்ஸ் வைக்கலாமென்றார். “சங்கு ஊதிட்டு வந்து நின்னா ஊரு முழுக்க முத்தத்தில வந்து நிக்கும். செத்தப்பெறவு ஊதட்டும்” என்றாள். கடைசியில் மிஞ்சியது அவர்களுடைய சின்னக் கார்தான். மூன்று சிலிண்டர் எஞ்சினும், ஒடுங்கிய பின்சீட்டும், பதினான்கு வருஷ வயதும் உள்ள கார்.

சிதறால் மலைக்குப் போகிற வழியில், ரப்பர் மரங்களுக்கு நடுவே அவர்கள் வீடு. அன்று சாயங்காலம் ரத்தினத்தைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு அவர் ஷெட்டில் போய் பானட்டைத் தூக்கினார். எஞ்சினைச் சட்டத்தோடு பிடித்து நிறுத்துகிற மவுண்டிங் மூன்று இருக்கும். இரும்புக்கு நடுவே ரப்பரை வைத்து வார்த்தது. எஞ்சினுடைய குலுக்கத்தையெல்லாம் அந்த ரப்பர் வாங்கிக்கொள்ளவேண்டும். டார்ச்சை அடித்துப் பார்த்தால், மூன்றும் பித்தவெடிப்புக் கண்ட பாதம்போல் பிளந்து கிடந்தன. பின்பக்கத்தது முழுசாகவே அறுந்துவிட்டது. எஞ்சின் தன்னிஷ்டத்துக்குத் துள்ளிக்கொண்டிருந்திருக்கிறது.

படமெடுத்து மகனுக்கு அனுப்பினார். ஜெனித் துபாயில் கார் உதிரிபாகக் கடையில் வேலை பார்க்கிறான். அரைமணிக்கூறுக்குள் கூப்பிட்டான்.

“அப்பா, அதே ரப்பரை வாங்கி மாட்டினா திரும்பவும் கிழியும். நான் பி.யூ. செட்டு அனுப்பித் தாறேன், ரப்பரவிட கட்டியான ஒரு சாதனம். இங்க ரேசுக்குப் போற வண்டியெல்லாம் அதுதான். எஞ்சின் அனங்காது.”

“அனங்காதா?”

“கான்கிரீட்டில வெச்சமாதிரி நிக்கும். நம்ம வண்டிக்குள்ள செட்டு இங்க கெடைக்கும். மவுண்டிங் மட்டுமில்ல, வீலுக்குப் போற ஆர்முக்கு உள்ள புஷ்ஷு எல்லாம் சேத்து அனுப்புதேன். அம்மைக்குன்னு செய்யியதுதானே அப்பா, உள்ளதில நல்லதாட்டு போடுவோம்.”

கான்கிரீட் என்ற சொல் ரசலையனுக்குப் பிடித்திருந்தது. மஸ்கட் பாலைவனத்து முகாமில், ஆனை பருமனுள்ள ஜெனரேட்டர்களைக் கான்கிரீட் திட்டில் போல்ட்டு போட்டு இறுக்கி நிறுத்தியவர் அவர். ஆடுகிற எஞ்சின் சீக்கிரம் சாகும், ஆடாத எஞ்சின் சாகாது என்பது அங்கே அவர் கண்ட உண்மை. ஜெனரேட்டர்மேல் யாரும் படுத்து உறங்குவதில்லை என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

விடுமுறைக்கு வந்த தேங்காய்ப்பட்டணத்துப் பையன் ஒருவனிடம் ஜெனித் பொட்டலத்தைக் கொடுத்தனுப்பினான். ரசலையன் பஸ்ஸில் போய் வாங்கிவந்து கட்டில் விளிம்பில் வைத்துப் பிரித்தார். ஊறுகாய் மிளகாய்போல் சிவந்த கட்டைகள். நகத்தால் அழுத்திப் பார்த்தார். பதியவில்லை.

“பிள்ள அனுப்பினதா?” என்று ரத்தினம் கையை நீட்டி ஒன்றை வாங்கினாள். அதை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள். “அவன் சம்பாத்தியம் முழுக்க எனக்க ஒடம்புக்கே போவுது” என்றாள் பிறகு. “நல்லா இருக்கட்டும். மாட்டுங்க.”

மார்த்தாண்டத்தில் பெனினுடைய ஒர்க்‌ஷாப்பில் வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கப் பள்ளம் உண்டு, கருவிகள் உண்டு. பெனின் முப்பதைத் தாண்டாதவன். வாய் ஓயாதவன். சிவப்புக் கட்டையைக் கையில் வாங்கி, பெஞ்சில் தட்டிப் பார்த்தான்.

“நாட்டில ரப்பருக்கு வெல இல்லாமப் போனது ஏன்னு இப்பந்தான் புடி கிட்டிச்சு மாமா. நாம இஞ்ச பாலு வெட்டிட்டுக் கெடக்கோம், நீங்க துபாயில இருந்து பிளாஸ்டிக்க எறக்குதிய.”

“பிளாஸ்டிக் இல்லடே. பி.யூ.”

“என்ன யூவோ. கல்லுமாதிரி கெடக்கு. கொறச்சு சத்தம் கூடும், கேட்டியளா. வண்டிக்க உள்ள ஒரு எரைச்சல் வரும்.”

“சத்தம் வலிக்காதுடே.”

“அது சரிதான்” என்றான் பெனின்.

எஞ்சினுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியால் தாங்கிக்கொண்டு, பழைய மவுண்டிங்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். துரு ஏறிய போல்ட்டுகள் லேசில் இளகவில்லை. ரசலையன் சட்டையைக் கழற்றிப்போட்டுவிட்டுப் பள்ளத்தில் நின்றே வேலை பார்த்தார். நெற்றியில் கருப்பெண்ணெய் சொட்டியது. பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவருக்கு நன்றாகப் பசித்தது.

முடிந்ததும், மஸ்கட்டில் செய்வதுபோல ஒரு எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீர் வாங்கி எஞ்சின் தலைமேல் வைத்து ஓடவிட்டார். காலையில் இதையே செய்தபோது பாதித் தண்ணீர் வெளியே சிந்தியிருந்தது. இப்போது ஒரு சொட்டு சிந்தவில்லை. எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. தண்ணீரின் மேல்பரப்பில் மட்டும் மயிரிழைபோல வட்டங்கள், ஒன்றினுள் ஒன்றாக, ஓயாமல் எழுந்துகொண்டிருந்தன. பெனின் குனிந்து அதைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தான்.

ரசலையன் டம்ளரை எடுத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டார்.

இரண்டாவது பயணத்தில், களியக்காவிளையில் வண்டிகள் நின்றபோது, அவர் வேண்டுமென்றே எஞ்சினை அணைக்கவில்லை. காதைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கியர்க்கம்பி ஆடாமல் நின்றது. கூரையிலும் கதவுகளிலும் வண்டு அடைபட்டதுபோல ஒரு இரைச்சல் மட்டும் இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்த உள்ளங்கை லேசாக மரத்தது. சர்க்கரை கூடியிருக்கும், சோதிக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டார். முனகல் வரவில்லை.

“எப்பிடி இருக்கு ரத்தினம்?”

“நல்லா இருக்கு.”

“ஆட்டம் உண்டா?”

“ஒண்ணும் தெரியல்ல.”

கண்ணாடியில் பார்த்தார். அவள் துவர்த்துத் துண்டை முகத்தின்மேல் இழுத்துப் போட்டிருந்தாள்.

“என்ன மூஞ்சிய மூடிட்டுக் கெடக்க?”

“வெயிலு கண்ணில குத்துது.”

அவர் முன்பக்கத்துத் திரையை இழுத்துவிட்டார். பின்பக்கத்துக்கு அந்தத் திரை எட்டாது. ஆனாலும் இழுத்துவிட்டதில் அவருக்கு ஒரு திருப்தி.

அவர் வெளிநாட்டில் இருந்த காலம் முழுவதும் அவர்களுடைய தாம்பத்தியம் டெலிபோனில்தான் நடந்தது. வெள்ளிக்கிழமை தோறும் கூப்பிடுவார். “இங்க எல்லாம் சுகம்தான், நீங்க ஒடம்பப் பாத்துக்கிடுங்க” என்பாள் ரத்தினம். ஜெனித்துக்கு டைபாய்டு வந்து பிழைத்ததை அவன் மறுபடி பள்ளிக்கூடம் போன பிறகுதான் சொன்னாள். அவள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து கை முறிந்தது, அவர் லீவில் வந்து கையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வேறு பெண்டாட்டிமார் போனில் அழுது புருஷனைக் கலங்கவைக்கிறபோது தன் பெண்டாட்டி அப்படியில்லை என்று முகாமில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். ஊர் திரும்பி வருஷங்களாகிவிட்டன. ஒரே வீட்டில், ஒரே கூரையின்கீழ், அவள் இன்னமும் அந்த டெலிபோனில்தான் அவரோடு பேசிக்கொண்டிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை சபைப் பெண்கள் ரத்தினத்துக்காக உபவாசமிருந்து, வீட்டுக்கு ஜெபத்துக்கு வந்தார்கள். வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகளை ரசலையன் முற்றத்திலிருந்து உள்ளே நகர்த்திக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வெளியே நின்றுகொண்டார். பாட்டும் ஜெபமும் முடிந்தால் சாட்சி சொல்லவேண்டும். அது அங்கே வழக்கம். கர்த்தர் தனக்குச் செய்ததைச் சபைக்கு முன்னால் ஒருவர் எழுந்து சொல்வது. செய்தபிறகு சொல்வது ஒரு வகை. செய்வார் என்று நம்பி, செய்துவிட்டாரென்றே முன்கூட்டிச் சொல்வது இன்னொரு வகை. ரத்தினம் இருபது வருஷமாக அந்தப் பெண்களை நடத்தியவள். பக்கத்து வீட்டுப் பிரிஜாவுக்குக் கரு தங்காமல் இருந்த நாளில், “கெடைக்கும்னு சொல்லாத பிள்ளே, கெடச்சாச்சுன்னு சொல்லு” என்று எழுப்பி நிறுத்திச் சாட்சி சொல்லவைத்தவளே அவள்தான். பிரிஜாவின் மகள் இப்போது ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள்.

“ரத்தினம் அக்கா, ஒரு வார்த்த சொல்லுங்க” என்றாள் பிரிஜா. “இருந்துட்டே சொன்னாப் போரும்.”

ரத்தினம் இருந்து சொல்லவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அவளுடைய பேச்சுக்குரல் போய், சபையில் வேதம் வாசிக்கிற குரல் வந்தது.

“கர்த்தர் எனக்கு நன்மை செய்தார். போன தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது இருந்த வலி இந்தத் தடவை எனக்கு இல்லை. வண்டியில் படுத்துக்கொண்டு போனேன். தொட்டிலில் கிடந்ததுபோல இருந்தது.”

“ஸ்தோத்திரம்” என்றார்கள் பெண்கள். வாசலுக்கு வெளியே நின்ற ரசலையனும் வாய்விட்டுச் சொன்னார். சபையில்கூட அவர் சத்தமாக அதைச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

சாட்சி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாமலில்லை. பிறந்ததுமுதல் கேட்டு வளர்ந்தவர். காய்ச்சல் விடாதவன் விட்டதென்று சொல்வதையும், மறுவாரம் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவதையும் பார்த்தவர். வேறு யாராவது எழுந்து தொட்டிலென்றும் தாலாட்டென்றும் சொல்லியிருந்தால் அது விசுவாசத்தில் சொன்னதென்று ஒதுக்கிவைத்திருப்பார். ஆனால் இந்தச் சாட்சியில் அவருடைய கைவேலை இருந்தது. அதனால் அதை மீட்டர் முள் காட்டிய கணக்கைப்போல அப்படியே எடுத்துக்கொண்டார்.

மறுநாளே மிச்சப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பெனினிடம் போனார். சக்கரங்களைத் தாங்குகிற ஆர்மில் இருக்கும் ரப்பர் புஷ்களையும் பிடுங்கியெடுத்துவிட்டு, சிவப்புக் கட்டைகளை அடித்து ஏற்றவேண்டும்.

“மாமா, இந்த ரப்பரு அவ்வளவு மோசமில்ல” என்றான் பெனின். “இதையும் மாத்தினா பள்ளத்தில விழுந்தா அடி நேரா மேல வரும். பின்னால படுத்துட்டுப் போறது மாமியில்லியா. அவங்கட்ட ஒருக்கா கேளுங்க. பெறவு போடுவோம்.”

“கேக்காண்டாம்டே. சொல்லியாச்சு. சபைக்கு முன்ன எழும்பி நின்னு சொல்லியாச்சு.”

பெனின் சுத்தியலை எடுத்தான்.

மூன்றாவது பயணத்தன்று காலையில் மழை பெய்து விட்டிருந்தது. வண்டி ரோட்டில் ஒட்டிக்கொண்டு ஓடியது. வளைவில் சாயவில்லை. ஸ்டியரிங் சொன்ன சொல் கேட்டது. புது வண்டியை ஓட்டுகிறதுபோல இருந்தது ரசலையனுக்கு. பள்ளங்களில் இறங்கும்போது மட்டும் முன்போல அமிழ்ந்து எழாமல், சுத்தியலால் தட்டினதுபோல ‘டக்’கென்று ஒரு சத்தம் வந்தது. முடிந்தவரை விலக்கி ஓட்டினார். மழைத்தண்ணீர் நிரம்பிய பள்ளத்தை விலக்க முடியாது. அது பள்ளமென்று விழுந்த பிறகுதான் தெரியும்.

பாறசாலை தாண்டியதும் ரத்தினம், “ஒரு எடத்தில நிறுத்துங்க. ஒண்ணுக்குப் போணும்” என்றாள்.

பெட்ரோல் பங்கில் நிறுத்தினார். கதவைத் திறந்து கை கொடுத்தார். அவள் கையை வாங்காமல் தானே இறங்கினாள். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, ஈரமான சிமெண்டுத் தரையில் ஒவ்வொரு அடியாக வைத்து, பின்பக்கத்துக் கழிப்பறைக்குப் போனாள். வெகுநேரம் கழித்து அதேபோலத் திரும்பி வந்தாள். வந்தவள் ஏறவில்லை. திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு, பின்சீட்டைப் பார்த்தபடி நின்றாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ரோட்டில் பள்ளிக்கூட வேன் ஒன்று போயிற்று. அதற்குப் பிறகு ஒரு மீன் லாரி.

“நேரமாச்சு ரத்தினம். ஆஸ்பத்திரியில நம்ம ஊழம் போயிரும், வேற ஆள விட்டிருவாவ.”

அவள் அவரைப் பார்த்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று இருந்தது. பிறகு குனிந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், முதலில் கையையும் பிறகு இடுப்பையும் உள்ளே வைத்து, மெதுவாகப் படுத்தாள். துவர்த்தை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டாள். அன்று வெயில் இல்லை.

பாலராமபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், வர்ணம் அழிந்துபோன ஒரு வேகத்தடை. கண்ணில் பட்டபோது பிரேக்கை மிதித்தார். ஆனாலும் முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரமும் ஏறி இறங்கியது. பெரிய அடியெல்லாம் இல்லை. பின்னாலிருந்து மூச்சை உள்ளிழுக்கிற சத்தம் ஒன்று கேட்டது. அவ்வளவுதான். ஒரு ஃபர்லாங் போயிருப்பார்கள்.

“கேட்டியளா” என்றாள் ரத்தினம். குரல் சாதாரணமாக இருந்தது. “எனக்க செருப்பு கழண்டு விழுந்திட்டா, பாருங்க.”

அவர் திரும்பிப் பார்த்தார். இரண்டு செருப்பும் அவள் காலில்தான் இருந்தன.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போனார்கள். படம் எடுத்தார்கள். இன்னொரு படம் எடுத்தார்கள். சாயங்காலம் டாக்டர் வராந்தாவில் அவரைத் தனியாக அழைத்து, எலும்பு நொறுங்கி நரம்பை நசுக்கிவிட்டதென்றும், இந்த நிலைமையில் அறுவை தாங்காதென்றும், இனி படுக்கைதான் என்றும் சொன்னார். எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்கவில்லை. இந்த நோயில் எப்போது வேண்டுமானாலும் ஆகலாம் என்று மட்டும் சொன்னார். ரசலையன் தலையாட்டினார். யாராவது கேட்டிருந்தால் நல்லது என்று அவருக்கு இருந்தது.

வார்டில் ஒரு சின்ன வயசு நர்ஸ் வந்து, “அம்மச்சி, வேதன உண்டோ?” என்று கேட்டாள்.

“இல்ல மோளே” என்றாள் ரத்தினம்.

மறுநாள் அந்த நர்ஸ் வந்தபோதெல்லாம் அதே கேள்வி. அதே பதில். அதற்கடுத்த நாள் ரத்தினத்தின் தங்கை வந்து உட்கார்ந்துகொள்ள, மாற்றுத்துணியும் வேதப்புத்தகமும் எடுத்துவர ரசலையன் ஊருக்குப் புறப்பட்டார். தனியாக வண்டியை ஓட்டினார். அந்த இரைச்சல் வழிமுழுக்கக் கூடவே வந்தது. உள்ளங்கை மரத்தது. ஆஸ்பத்திரியில் அவருக்குச் சர்க்கரை பார்த்திருந்தார்கள். சரியாகத்தான் இருந்தது.

நடுப்பகலில் வீட்டுக்கு வந்து ஷெட்டில் வண்டியை விட்டார். எஞ்சினை அணைக்காமலே இறங்கி, தலையணைகளை எடுக்கப் பின்கதவைத் திறந்து குனிந்தார்.

முன்சீட்டின் முதுகில், கீழ்ப்பக்கமாக, ரெக்சின் கிழிந்திருந்தது. எலி கடித்ததாக முதலில் நினைத்தார். அருகில் போய்ப் பார்த்தார். பிறைபிறையாக, நகம் பதிந்த கிழிசல்கள். சில ஆழமாக இறங்கி உள்ளிருந்த பஞ்சு தெரிந்தது. சில பழையவை, ஓரம் சுருண்டிருந்தன. சில புதியவை.

அவர் துவர்த்தை எடுத்துப் பார்த்தார். ஒரு முனை சுருட்டி முறுக்கியிருந்தது. பல் பதிந்து, காய்ந்து, விறைத்திருந்தது.

அதைப் பழைய இடத்திலேயே வைத்தார். பிறகு செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு உள்ளே ஏறி, அவள் படுத்ததுபோலவே காலை மடக்கிப் படுத்தார்.

முதலில் வந்தது பல்லில். கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று உரசின. பிறகு தாடை, பிறகு தோள்பட்டை, பிறகு சீட்டில் அழுந்திய முதுகு. எஞ்சின் அனங்காமல் நின்றது. மகன் சொன்னதுபோலக் கான்கிரீட்டில் வைத்ததுபோல நின்றது. அது ஆடவேண்டிய ஆட்டம் முழுவதும் சட்டத்தில் ஏறி, தகரத்தில் ஓடி, சீட்டின் கம்பி வழியாக இங்கே வந்து இறங்கிக்கொண்டிருந்தது. பழைய உதறலுக்கு இடைவெளி இருந்தது. விட்டு விட்டு வரும். இதற்கு இடைவெளியே இல்லை. நோயில்லாத முதுகு அவருடையது. கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடலாமென்று தோன்றியது. எழவில்லை. கையை நீட்டி, அந்தக் கிழிசல்கள் இருந்த இடத்தைத் தொட்டார். படுத்த நிலையில் கை தானாகப் போய் விழுகிற இடம் அதுதான்.

சட்டைப்பையில் போன் அடித்தது. ஜெனித்.

“அப்பா, வண்டி எப்பிடி? ஆட்டம் இருக்கா?”

“இல்ல மக்கா. ஆட்டமில்ல.”

“நான் சொன்னேன் இல்லியா. அம்மை எங்க?”

ரசலையன் முன்சீட்டுகளின் இடைவெளி வழியாகப் பார்த்தார். சாவித்துளையில் தொங்கிய சாவிக்கொத்து நடுங்கிக்கொண்டிருந்தது.

“படுத்திருக்கா” என்றார். “சுகம்தான். நீ ஒடம்பப் பாத்துக்க.”

போனை வைத்த பிறகும் அவர் எழவில்லை. டேங்கில் இருந்த எண்ணெய் தீரும்வரை கிடந்துவிடலாம் என்று இருந்தது. ஆனால் துணி கொண்டுபோகவேண்டும். எழுந்து, சாவியைத் திருப்பி, வெளியே எடுத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில்தான் திரும்பினார். ரத்தினத்தின் தங்கை தேநீர் குடிக்கக் கீழே போனாள். துணிப்பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“பிரிஜா கூப்பிட்டா” என்றாள் ரத்தினம். “ஞாயிற்றுக்கெழம எல்லாரும் ஜெபிக்க வாறாவளாம்.”

“வரட்டும்.”

“வந்து கண்டுட்டுப் போகட்டும். சாட்சி ஒண்ணும் கேக்காண்டாம்னு சொல்லிருங்க.”

“சொல்லுதேன்.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்தார்கள்.

“வண்டிய எங்க விட்டிய?”

“வீட்டில கெடக்கு. பஸ்ஸில வந்தேன்.”

அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பின்சீட்டில படுத்துப் பாத்தேன்” என்றார்.

ரத்தினத்தின் கண்கள் விசிறியிலிருந்து இறங்கவில்லை. போர்வைக்கு வெளியே கிடந்த அவள் கை மட்டும் ஒருமுறை விரிந்து மூடியது. நகங்களில் இரண்டு ஒடிந்திருந்தன. இத்தனை நாளில் அவர் அதைக் கவனித்திருக்கவில்லை.

நர்ஸ் வந்தாள். காய்ச்சல் பார்த்தாள். “அம்மச்சி, வேதன உண்டோ?” என்று கேட்டுவிட்டு, பதில் தெரிந்ததுதான் என்பதுபோல அடுத்த கட்டில் பக்கம் திரும்பினாள்.

“உண்டு” என்றாள் ரத்தினம்.

நர்ஸ் நின்றாள். அதிகமா, குறைவா என்று கேட்டாள்.

“கூடுதலு.”

எப்போதிருந்து என்று கேட்டாள் நர்ஸ். ரத்தினம் மெதுவாக முகத்தைத் திருப்பினாள். நர்ஸைப் பார்க்கவில்லை. ஸ்டூலில் இருந்தவரைப் பார்த்தாள்.

“ரெண்டாவது தடவ வந்த அண்ணு தொட்டு.”

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை நாளும் நான் கேட்டுக்கொண்டே இருந்தேனே, ஏன் சொல்லவில்லை என்று அவள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துக் கேட்டாள். அவள் மருந்து எடுத்துவரப் போனாள்.